கம்பஸ் கேட்கும் நிலுவை: கட்டுவதற்கு முன் கணக்கைக் கேளுங்கள்

“உங்கள் கணக்கில் 186,500 ரூபாய் நிலுவை உள்ளது. ஏழு நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு அனுமதிக்கப்பட மாட்டீர்கள்.”

இப்படி ஒரு மெயில் வந்தால் நம் மலையகத் தோட்டப்புற வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். இல்லாவிட்டால் பிள்ளை யாரிடமும் மூச்சு விடாமல் படிப்பை நிறுத்திவிட்டு, கொழும்பில் ஏதாவது ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடும். இரண்டையும் செய்வதற்கு முன் அந்த 186,500 எப்படி வந்தது என்று கேளுங்கள். வட்டியில்லாக் கடன், புலமைப்பரிசில், கட்டணக் கழிவு என்று ஏதாவது ஓர் உதவியை நம்பிச் சேர்ந்தவர் என்றால் கட்டாயம் கேளுங்கள். வரவேண்டிய உதவிக் காசு வழியில் எங்கோ நின்றுபோய், அதை உங்கள் பெயரில் கடனாக எழுதி வைத்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

யாருக்கு இந்த வழிகாட்டி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ போன்ற அரச பல்கலைக்கழகங்களுக்கு வழக்கமான அனுமதி வழியாகப் போய் முதல் பட்டம் படிப்பவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை. அவர்களுக்கு மஹாபொலப் புலமைப்பரிசில் பிந்துவது, பர்சரி என்ற உதவிக் காசு வராதது வேறு பிரச்சினை. இது, கட்டணம் கட்டிப் படிப்பவர்களுக்கானது: அரசு சாரா பட்டப்படிப்பு நிறுவனங்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கே நடத்தும் கம்பஸ்கள். திறந்த பல்கலைக்கழகம் அரசுடையது என்றாலும் அங்கும் கட்டணம் உண்டு. அதனால் கீழே சொல்வதில் பாதி அங்கும் பொருந்தும்.

தொகையை உடைத்து வாங்குங்கள்

மெயிலில் வந்தது மொத்தத் தொகை. மொத்தத் தொகையோடு யாரும் வாதாட முடியாது. நிதிப் பிரிவுக்கு எழுதி, சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரையான முழுக் கணக்கறிக்கையைக் கேளுங்கள். ஒவ்வொரு வரவும் ஒவ்வொரு அறவீடும் திகதியோடு இருக்க வேண்டும். “ஸ்டேட்மென்ட் ஒஃப் அக்கவுன்ட்” என்று கேட்டால் அவர்களுக்கு உடனே விளங்கும். போனில் கேட்டால் மறுபடியும் அதே மொத்தத் தொகையைத்தான் வாசித்துக் காட்டுவார்கள். மெயிலில் கேளுங்கள்.

அறிக்கை வந்ததும் ஒரு கொப்பியில் நீங்களாகவே பிரித்து எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த 186,500 இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

மூன்றாம் செமஸ்டருக்கு வர வேண்டிய கடன் தவணை – 133,000
நீங்கள் கட்டியும் வரவு வைக்கப்படாத காசு – 25,000
தாமதக் கட்டணம் – 11,000
மீள்பரீட்சைக் கட்டணம் – 9,500
நூலகம், கணினிக்கூடக் கட்டணம் – 8,000

இதில் உண்மையிலேயே உங்கள் கையிலிருந்து போக வேண்டியது கடைசி இரண்டும்தான், 17,500 ரூபாய். தாமதக் கட்டணம் மேலே உள்ள இரண்டோடு சேர்ந்தது. அவை சரியானால் இதுவும் விழ வேண்டும். வீட்டில் பேசும்போதும் இந்தக் கணக்கை வைத்துப் பேசுங்கள். ஒன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல் என்று கேட்டு உறைந்துபோகும் அப்பாவுக்கு, பதினேழாயிரத்து ஐந்நூறு என்றால் ஒரு வழி தெரியும்.

காசு எங்கே நின்றது?

இதுதான் நேரம் எடுக்கும் பகுதி. பொறுமையாகப் பாருங்கள்.

உயர்கல்வி அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017இல் தொடங்கியது. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், அமைச்சு அங்கீகரித்த அரசு சாரா நிறுவனங்களில் குறிப்பிட்ட பட்டப்படிப்புகளைப் படிப்பதற்கான திட்டம் அது. வட்டியை அரசாங்கம் ஏற்கும், கடனாக எடுத்த தொகையைப் படிப்பு முடிந்தபின் நீங்கள் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் கல்விக் கட்டணத்துக்கு உச்சமாக 8 இலட்சம் ரூபாய் என்று வைத்திருந்தார்கள். உங்கள் ஆண்டு மாணவர் தொகுதிக்கு எவ்வளவு என்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். கூட்டாளியின் ஒப்பந்தத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கட்டணக் காசு உங்கள் கைக்கு வருவதில்லை, வங்கியிலிருந்து நேராகக் கம்பஸுக்குப் போகும். நடுவில் ஒரு காகிதம் தவறினாலும் உங்களுக்குத் தெரியாமலே நின்றுவிடுவது அதனால்தான்.

ஆகவே செய்ய வேண்டியது: கம்பஸிடம் ஓர் அறிக்கை எடுத்த மாதிரி வங்கியிடமும் உங்கள் கடன் கணக்கின் அறிக்கையை எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செமஸ்டர் செமஸ்டராக ஒப்பிடுங்கள். வங்கி அறிக்கையில் மூன்றாம் செமஸ்டருக்குக் காசு போயிருக்கிறது, கம்பஸ் அறிக்கையில் வரவில்லை என்றால் வேறு வாதமே தேவையில்லை. அந்த ஒரு வரியின் திகதியையும் தொகையையும் காட்டினால் போதும். வங்கியும் அனுப்பவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் கம்பஸோடு சண்டைக்குப் போவதில் பிரயோசனம் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: வங்கி அனுப்பிய ஒவ்வொரு ரூபாயையும் நாளைக்கு நீங்கள்தான் திருப்பிக் கட்டப் போகிறீர்கள். கம்பஸும் அதையே இன்னொரு தடவை உங்களிடம் வாங்கினால் ஒரே செமஸ்டருக்கு இரண்டு தடவை கட்டியதாகிவிடும்.

வங்கியிலிருந்து காசு போகாததற்கு வழக்கமான காரணங்கள் சில. நீங்கள் அந்த செமஸ்டரில் பதிந்து படிக்கிறீர்கள் என்ற உறுதிப்படுத்தலைக் கம்பஸ் அனுப்பவில்லை, அல்லது பிந்தி அனுப்பியது. நீங்கள் ஒரு செமஸ்டரை ஒத்திவைத்தீர்கள், கற்கைநெறியை மாற்றினீர்கள். இல்லாவிட்டால் வங்கி கேட்ட ஏதோ ஒரு ஆவணம் போய்ச் சேரவில்லை. முதலாவது கம்பஸின் தவறு. இரண்டாவது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. மூன்றாவதுதான் மலையகத்துக்கே உரிய தலைவலி.

அதிலே ஒன்று பெயர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னால், அடையாள அட்டையில் பின்னால், உயர்தரச் சான்றிதழில் வெறும் இனிஷல். ஆங்கில எழுத்துக் கூட்டல் மூன்றிலும் மூன்று விதம். லெட்சுமி ஓரிடத்தில் லக்ஷ்மியாகியிருப்பார். வங்கியின் கணினிக்கு இது மூன்று ஆட்கள். சமாதான நீதவான் ஒருவரிடம் போய், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே தடவையில் மூன்று பிரதி செய்துவிடுங்கள். வங்கிக்கு ஒன்று, கம்பஸுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

இன்னொன்று தபால். தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதம் லயத்து வாசலுக்கு வருவதில்லை, கட்டோடு கட்டாகத் தோட்ட அலுவலகத்தில் இறங்கும். அங்கிருந்து யாராவது மேற்பிரிவுக்குக் கொண்டுவந்து தர வேண்டும். ஒரே டிவிஷனில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தால் அவர் வீட்டு அலமாரியில் கிடக்கும். “14 நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்” என்ற கடிதம் பதினாறாம் நாள் கைக்கு வரும். இதை வெறும் வாயால் சொன்னால் சாட்டு என்று நினைப்பார்கள். அதனால் கடித உறையை வீசாதீர்கள். உறையில் உள்ள தபால் முத்திரைத் திகதியும், பெற்றுக்கொண்ட திகதி குறித்துத் தோட்ட அலுவலகம் தரும் ஒரு வரிக் குறிப்பும் இருந்தால் தாமதம் உங்களுடையதல்ல என்று காட்டலாம். கிளாக்கர் ஐயா எழுதித் தரத் தயங்கினால், தபால் புத்தகத்தில் பதிவு இருக்கிறதா என்று கேட்டு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேலைக்கு, டவுனில் உள்ள உறவினர் வீட்டையோ கடையையோ தபால் முகவரியாகக் கொடுத்து, எல்லாவற்றையும் மெயிலிலும் அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள்.

இனி, கட்டியும் வரவாகாத காசு. வங்கியின் காசு வைப்பு மெஷினில் கம்பஸ் கணக்கு எண்ணை மட்டும் அடித்துக் காசைப் போட்டுவிட்டு வருகிறோம். மாணவர் இலக்கம் குறிப்பிடவில்லை என்றால் யார் போட்ட காசு என்று கம்பஸுக்குத் தெரியாது. பெயரில்லாத வரவுகளோடு சேர்த்துக் கிடக்கும். அந்த ஸ்லிப்பில் உள்ள திகதி, நேரம், கிளை, தொடர் இலக்கம் இருந்தால் நிதிப் பிரிவு தேடி எடுத்துவிடும். பிரச்சினை என்னவென்றால் மெஷின் ஸ்லிப் சூட்டில் அச்சாவது. சில மாதங்களில் வெளுத்து வெறும் கடதாசியாகிவிடும். அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வாங்கிய அந்த நிமிடமே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணிவிடுங்கள். ஏற்கெனவே வெளுத்துப் போயிருந்தால், காசு போட்ட நாளையும் கிளையையும் சொல்லி வங்கியில் உறுதிப்படுத்தல் கேட்கலாம்.

கம்பஸே தரும் ஸ்கொலர்ஷிப், கட்டணக் கழிவு என்றால் ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள்: நிபந்தனை எழுத்தில் உங்களுக்குத் தரப்பட்டதா? விரிவுரைக்கு வந்த நாள் வீதம், புள்ளி எல்லை என்று பிறகு சொல்வார்கள். சேரும்போது தந்த கடிதத்தில் இல்லாத நிபந்தனையைக் காட்டிக் கழிவை வாபஸ் வாங்கினால் அதை எதிர்க்க உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது.

“லோன் கட்டாயம் கிடைக்கும், நீங்கள் இப்போதைக்கு ரெஜிஸ்டர் பண்ணுங்கள்” என்று சேர்க்கும்போது சொன்ன கவுன்சிலர்களை நம்பிச் சேர்ந்தவர்கள் தனி ரகம். கடன் கிடைக்கவில்லை, முழுக் கட்டணமும் தலையில். கவுன்சிலர் அப்படிச் சொன்ன வட்ஸ்அப் செய்திகள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். போன் மாற்றுவதற்கு முன் அந்த உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் சேமியுங்கள். வாயால் சொன்னது மட்டும்தான் என்றால், அன்று கூட இருந்தவர் யார், எந்தத் திகதி என்பதையாவது இப்போதே எழுதி வையுங்கள்.

வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழகக் கட்டணம் பிரித்தானியப் பவுண்டிலோ டொலரிலோ இருக்கும். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது, 200ஐ ஒட்டி இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தொட்டது. ரூபாய்க் கணக்கில் திட்டம் போட்டிருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் அப்படியே நிலுவையானது. ஒப்பந்தத்தில் “கட்டும் நாளின் மாற்று வீதப்படி” என்று இருந்தால் அதில் வாதாட அதிகம் இல்லை. எந்த நாளின் வீதத்தைப் போட்டார்கள் என்பதை மட்டும் சரிபாருங்கள்.

எழுதிக் கொடுங்கள்

காரணம் தெரிந்ததும் கடிதம். கொழும்புக்கு பஸ் ஏறுவதற்கு முன்னமே எழுதுங்கள். ஹட்டனிலிருந்து போய் வர ஒரு முழு நாள் போகும். பதுளைப் பக்கம் என்றால் இரவும் சேரும். கூட வரும் அம்மாவுக்கு அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். போய் நின்றால் “சேர் இன்றைக்கு மீட்டிங்” என்பார்கள். மெயில் அனுப்பி, பதில் வந்து, நேரம் குறித்த பிறகு போவதுதான் புத்தி.

கடிதம் நீளமாக இருக்கக் கூடாது. வீட்டுக் கஷ்டத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதுவதை நான் பல தடவை வெட்டியிருக்கிறேன். நிதிப் பிரிவில் இருப்பவர் இரக்கப்பட்டாலும் கணக்கை மாற்ற அவருக்கு ஒரு திகதியும் தொகையும் தேவை. ஒரு மாதிரி:

“ஐயா / அம்மணி,
மாணவர் இலக்கம் ….. கொண்ட எனது கணக்கில் 186,500 ரூபாய் நிலுவை இருப்பதாகத் தாங்கள் ….. திகதி அனுப்பிய அறிவித்தல் கிடைத்தது. இதில் 169,000 ரூபாவை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. காரணங்கள்:
1. மூன்றாம் செமஸ்டர் கடன் தவணையான 133,000 ரூபாய், தங்கள் உறுதிப்படுத்தல் கிடைக்காததால் வங்கியில் நிற்கிறது. வங்கியின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.
2. ….. திகதி ….. கிளையில் நான் வைப்பிட்ட 25,000 ரூபாய் வரவு வைக்கப்படவில்லை. ஸ்லிப்பின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.
3. மேற்கூறியவற்றால் ஏற்பட்ட தாமதக் கட்டணமான 11,000 ரூபாவை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
மீதி 17,500 ரூபாவை ….. திகதிக்குள் செலுத்துவேன். இந்த விடயம் தீரும்வரை எனது பரீட்சை அனுமதியையும் விரிவுரை அனுமதியையும் நிறுத்த வேண்டாம் எனவும், 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

கம்பஸுக்கு இது ஆங்கிலத்தில் போவது நல்லது. பழைய பாடசாலையின் ஆங்கில ஆசிரியரிடம் காட்டினால் அரை மணி நேரத்தில் திருத்தித் தருவார். அமைச்சுக்கும் அரச வங்கிக்கும் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் அரசகரும மொழி. தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள், ஆனால் அதற்காகக் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். யாரிடமாவது வாசிக்கக் கேட்டு, அதற்குரிய பதிலை அனுப்பிவிட்டுத்தான் பிரதி கேட்க வேண்டும்.

மெயிலை நிதிப் பிரிவுக்கு அனுப்பி, பதிவாளருக்கும் உங்கள் கற்கைநெறி இணைப்பாளருக்கும் பிரதி போடுங்கள். அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பி, தபால் கந்தோரில் தரும் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். யாராவது போனில் “சரி தம்பி, நான் பார்க்கிறேன்” என்றால், அன்றைக்கே “இன்று காலை நீங்கள் போனில் இப்படிச் சொன்னீர்கள்” என்று ஒரு மெயில் போடுங்கள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் போடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

நேரில் போனால் ஒரு படிவத்தை நீட்டுவார்கள்: “நிலுவை முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன், மாதம் இவ்வளவு வீதம் கட்டுகிறேன்.” பரீட்சை நாளைக்கு, கை நடுங்கும், போட்டுவிடத் தோன்றும். அங்கேயே போடாதீர்கள். அதுவரை நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த தொகை அந்தக் கையெழுத்தோடு ஒப்புக்கொண்ட கடனாகிவிடும். சட்டப்படியும் அதற்குக் கனம் இருக்கிறது. நம் நாட்டுக் காலவிதிப்புச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தத்தின் மேலான கடனுக்கு வழக்குப் போட 6 வருடம், எழுத்தில் இல்லாததற்கு 3 வருடம். எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்தக் காலம் புதிதாக ஓடத் தொடங்கலாம்.

அப்படியென்றால் அந்த 17,500ஐக் கட்டலாமா? கட்டலாம், கட்டுவதே நல்லது. ஆனால் “இது மீள்பரீட்சைக் கட்டணத்துக்கும் நூலகக் கட்டணத்துக்கும் மட்டும், மீதியை நான் ஏற்கவில்லை” என்று மெயிலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். படிவத்திலேதான் கையெழுத்து வேண்டும் என்று நின்றால், “பிணக்கில் உள்ள 169,000 ரூபாய் தவிர” என்று பேனாவால் எழுதி, அதன் பிறகு கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுங்கள்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். உயர்தரச் சான்றிதழின் அசலைக் கம்பஸ் கோப்பில் வைத்துவிட்டுப் பிறகு நிலுவைக்காக அதைக் கேட்டு அலைந்தவர்கள் உண்டு. உறுதிப்படுத்திய பிரதி போதும். போய்விட்டது என்றாலும் பயமில்லை, பரீட்சைத் திணைக்களத்தில் புதிதாகச் சான்றிதழ் பெறலாம்.

படிப்பைத் தொடர முடியாது என்று முடிவெடுத்தால், அதையும் எழுத்தில் சொல்லிவிட்டு விலகுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் கம்பஸின் புத்தகத்தில் நீங்கள் இன்னும் மாணவர்தான். அடுத்தடுத்த செமஸ்டர் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். விலகல் கடிதத்தின் திகதிக்குப் பிந்திய எந்த அறவீட்டையும் எதிர்க்கலாம். கடிதமே இல்லை என்றால் கஷ்டம். கடன் எடுத்தவர் வங்கிக்கும் அமைச்சுக்கும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும். பிணைக் கையெழுத்துப் போட்ட மாமாவுக்கும் சொல்லிவிடுங்கள், அவர் வங்கிக் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லதில்லை.

பதில் வராவிட்டால்

14 நாள் போயும் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். அதற்குப் பிறகு வெளியே போங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் முறைப்பாடு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். காசு எங்கே நின்றதோ அதற்குரிய கதவை முதலில் தட்டுங்கள்.

கடன் திட்டத்துப் பிரச்சினை என்றால் உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சின் மாணவர் கடன் பிரிவு, கொழும்பு 7 வார்ட் பிளேஸில். வங்கியின் தவறு என்றால் முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்தில், பிறகு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு. அதன் துரித இலக்கம் 1935. சேரும்போது பொய் வாக்குறுதி தந்தது கம்பஸ் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, இலக்கம் 1977. அங்கே முறையிட மூன்று மாதக் காலக்கெடு உண்டு, ஆற அமரப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

நான் அதிகம் நம்புவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அமைச்சும் அரச வங்கியும் அதற்குள் வரும். சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் எழுதலாம். அமைச்சின் தகவல் அலுவலருக்கு இப்படிக் கேளுங்கள்: எனது மூன்றாம் செமஸ்டர் பதிவைக் கம்பஸ் எந்தத் திகதியில் உறுதிப்படுத்தியது? அந்தக் கடிதத்தின் பிரதி தருக. அதற்குரிய கொடுப்பனவு எந்தத் திகதியில், எவ்வளவு அனுமதிக்கப்பட்டது? “எனக்கு ஏன் அநியாயம் செய்தீர்கள்” என்று கேட்டால் பதில் வராது. திகதியும் ஆவணமும் கேட்டால் வரும். உங்களைப் பற்றிய தகவலை நீங்களே கேட்பதால் அடையாள அட்டைப் பிரதியை இணையுங்கள். தருவதா இல்லையா என்று அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அல்லது மௌனம் சாதித்தால் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. பல நேரங்களில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததுமே கோப்பு நகரத் தொடங்கிவிடும்.

சட்டத்தரணியின் கடிதம் வந்தால்

கம்பஸின் சட்டத்தரணி அனுப்பும் கோரிக்கைக் கடிதம் வழக்கு அல்ல, வழக்குக்கு முந்திய எச்சரிக்கை. அதைப் பார்த்துவிட்டுத் தோட்டமே கூடிவிடும், போலீஸ் வரும், அப்பாவின் ஈ.பீ.எஃப். காசைப் பிடித்துவிடுவார்கள் என்றெல்லாம் கதை கிளம்பும். கட்டண நிலுவை சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் கைது செய்வதில்லை. அப்பாவின் சேமலாப நிதியில் ஒரு கம்பஸ் கை வைக்கவும் முடியாது. ஆனால் பதில் எழுதாமல் விடக் கூடாது. மௌனத்தை ஒப்புதல் என்று பிறகு சொல்வார்கள். மேலே எழுதிய அதே கடிதத்தை, இணைப்புகளோடு அந்தச் சட்டத்தரணிக்கும் அனுப்புங்கள்.

காசு கொடுத்துச் சட்டத்தரணி வைக்க முடியாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் நிலையங்கள் பெரும்பாலும் நீதிமன்ற வளாகங்களிலேயே இருக்கும். வருமானம் குறைந்தவர்களுக்காகத்தான் அது. அப்பாவின் அல்லது அம்மாவின் சம்பளச் சீட்டையும் கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதத்தையும் கொண்டுபோங்கள்.

குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கடன் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் இணக்க சபைக்குப் போக வேண்டும். இது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது ஒரு பாடசாலையில் கூடுவார்கள். சட்டத்தரணிகள் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். கொப்பியில் பிரித்து எழுதிய அந்தக் கணக்கும் இரண்டு அறிக்கைகளும் இங்கேதான் பெரிய உதவி. அங்கே சொல்லப்படும் தீர்வு பிடிக்கவில்லை என்றால் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. இணங்கவில்லை என்று சான்றிதழ் தந்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு நீதிமன்ற அழைப்பாணை வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும்.

வங்கிக் கடன் எடுத்தவர்கள் இடையில் ஒரு தடவை தங்கள் கிரிப் அறிக்கையையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. கடன் தகவல் பணியகத்தில் உங்கள் அறிக்கையை நீங்களே பெறலாம். கம்பஸின் நிலுவை அதில் ஏறாது, வங்கிக் கடன் ஏறும். தவறான பதிவு இருந்தால் வங்கி மூலமாகத் திருத்தச் சொல்லுங்கள். பின்னால் ஒரு த்ரீவீல் லீசிங் எடுக்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

முடிக்கும்போது

கம்பஸ் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு மீதியைக் கட்டச் சொன்னால், அந்தத் தொகை நியாயமாக இருந்தால், முடித்துவிடுங்கள். வறட்டுப் பிடிவாதத்தில் ஒரு வருடத்தைத் தொலைக்க வேண்டாம். தவணையாகக் கேளுங்கள், தவணைக் காலத்தில் தாமதக் கட்டணம் ஏறாது என்று எழுதி வாங்குங்கள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவிகளையும் விசாரியுங்கள். கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்தின் வழியாக வரும் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் 1940களிலிருந்து புலமைப்பரிசில் தந்துவருகிறது. அதன் விண்ணப்பக் காலம் உங்கள் பரீட்சைக் காலத்தோடு ஒத்துவராது, அதனால் அவசரக் காசுக்கு நம்பாமல் அடுத்த வருடத்துக்கு என்று போடுங்கள்.

காசு கட்டும்போது “முழுத் தீர்வாக” என்ற சொல் கம்பஸின் கடிதத்தில் இருக்க வேண்டும். கட்டி முடிந்ததும் நிலுவை எதுவும் இல்லை என்ற கடிதத்தை முத்திரையோடு வாங்குங்கள். புதிய கணக்கறிக்கையில் பூச்சியம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தி வைத்த பெறுபேறுகளை வெளியிடும்படி அன்றைக்கே பரீட்சைப் பிரிவுக்கு, நிதிப் பிரிவின் அந்தக் கடிதத்தை இணைத்து மெயில் போடுங்கள். ஒரு பிரிவு சொன்னது மற்றப் பிரிவுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று காத்திருந்தால் பட்டமளிப்புப் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடும்.